யூனிஃபார்முக்குள் போடும் மெடிக்கல் அலர்ட் டாலர்

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், வலிப்பு உள்ளவர், பென்சிலின் அலர்ஜிக்காரர் ஆஸ்பத்திரி வார்டு வேலையில் இருந்தால், அவசரத்தில் மற்றவர்களுக்கு நோயைச் சொல்லும் மெடிக்கல் அலர்ட் அடையாளத்தைக் கைக்காப்பாக வாங்கிப் பயனில்லை. முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்பதுதான் கிருமித் தடுப்பு விதி. காப்பின் அடியில் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) சரியாகப் போகாது, ஈரமும் தங்கும். ஆகவே கழுத்துச் செயின்தான் வழி.

316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் ரகத்தில் செய்த டாலர் வியர்வைக்கும் ஸ்பிரிட்டுக்கும் தாங்குகிறது. சேலம் வெள்ளி அழகுதான், ஆனால் கறுத்துவிடும். எழுத்து லேசரில் ஆழமாகப் பொறித்ததா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே அச்சடித்த ரகம் தினமும் துடைத்தால் அழிந்துவிடும், அது காசுக்குக் கேடு.

செயின் 24 அங்குலம் இருந்தால் சட்டைக்குள் மறையும். குனியும்போது ஸ்க்ரப்பின் (வார்டு யூனிஃபார்ம் சட்டையின்) வி கழுத்து வழியே வெளியே வந்தால் 20 அங்குலத்துக்கு இறங்கி, உள் பனியனுக்குள் போட வேண்டியதுதான். பெரிய குறை கொக்கியில். மலிவு செயின்கள் இழுத்தால் கழன்று வருவதில்லை. நினைவு தடுமாறும் நோயாளி பிடித்து இழுத்தால் கழுத்தை அறுக்கும். இழுத்தால் விடும் கொக்கியைத் தயங்காமக் கேட்டு வாங்குங்க. டாலரைக் கோக்கும் வளையம் சாவிக்கொத்து வளையம்போல இரண்டு சுற்றாக இருக்கட்டும்.

பொறிக்க நோயின் பெயர், மருந்து, வீட்டு போன் நம்பர் போதும். 108 ஆட்கள் சட்டென்று படிக்க ஆங்கிலப் பெரிய எழுத்து நல்லது. எம்ஆர்ஐ அறைக்குள் போகுமுன் கழற்றிவிடுங்கள். அடையாள அட்டைக்குப் பின்னால் இதே விவரம் எழுதிய ஒரு சீட்டும் வையுங்கள். அட்டை மேசையில் கிடக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.