வேப்பேரியில் சுப்புவின் இரண்டு கட்டிகள்

சுப்பு எங்கள் வீட்டு லாப்ரடார். ஒன்பது வயது, 34 கிலோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது இடது விலாவில் கை தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பின்தொடையில் இன்னொன்று இருந்ததை மூன்று மாதமாகவே அறிவேன். துவரம்பருப்பு அளவுதான். அந்த இடத்தில் மட்டும் முடி உதிர்ந்து சிவந்திருந்தது. உண்ணி கடித்த தடிப்பு என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டுவந்தேன். ஒரு நாள் வீங்கும், மறுநாள் வற்றிவிடும். வற்றுகிறதே, நல்லதுதான் என்று இருந்துவிட்டேன். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள் போட்ட தப்புக் கணக்கு அது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். விலாக் கட்டியைக் கட்டைவிரலால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி. வயதானால் வரும், விட்டுவிடுங்கள்" என்றார். ஓர் ஊசி, ஒரு சத்து டானிக், 600 ரூபாய். உடம்பில் வேறெங்கும் கை வைக்கவில்லை. தொடையில் இருந்ததை நானும் சொல்லவில்லை. அவர் சொன்னது பிறகு சரியாகவே இருந்தது. ஆனாலும் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

மறு வாரம் ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. எங்கள் பக்கத்தில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள்; 'வேப்பேரி ஆஸ்பத்திரி' என்றாலே ஆட்டோக்காரருக்குப் போதும். கல்லூரி மருத்துவமனை என்பதால் மேசையைச் சுற்றி மாணவர்களும் நின்றார்கள். முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் தடவிக்கொடுத்ததில் சுப்புவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாணவர் விலாவைத் தொட்டுப் பார்த்து, கொழுப்புக் கட்டி என்று சீட்டில் எழுதப் போனார். மருத்துவர் அவர் கையைத் தடுத்தார். "கை சொல்வதை எழுதாதே தம்பி, ஊசி சொல்வதை எழுது." அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன். பிறகு அவரே மூக்கிலிருந்து வால் வரை, அக்குள், முலைக்காம்பு வரிசை, விரலிடுக்கு, வாய்க்குள் என்று தடவிக்கொண்டே வந்தார். தொடைக்கு வந்ததும் கை நின்றது. "இது எத்தனை நாளாக இருக்கிறதம்மா?" நான் சொன்னேன். வீங்கி வற்றும் என்றதும் அவர் முகம் மாறியது.

மயக்க மருந்தெல்லாம் தேவைப்படவில்லை. சாதாரணத் தடுப்பூசி போடும் அளவுக்கு மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் குத்தி, இழுத்து, உள்ளே வந்ததைக் கண்ணாடித் தகட்டில் பீய்ச்சினார்கள். நான் பயத்தில் என் வாயைப் பொத்தி வைத்திருக்க, சுப்பு என் புடவைத் தலைப்பை நக்கிக்கொண்டிருந்தான். விலாவிலிருந்து எடுத்தது தகட்டில் காயவே இல்லை; ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் மாதிரி மினுங்கியது. கொழுப்பு அப்படித்தான் இருக்குமாம். தொடையிலிருந்து எடுத்ததோ காய்ந்தது. சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார்கள். வட்ட வட்டமான செல்கள், அவற்றுக்குள் நாவல்பழ நிறத்தில் பொடிப்பொடியாய்க் கசகசா தூவினாற்போல் மணிகள். மாஸ்ட் செல் கட்டி. புற்றுநோய்.

அந்த மணிகளுக்குள் இருப்பது ஹிஸ்டமின், ஒவ்வாமையில் தடிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள். தேய்த்தாலோ சொறிந்தாலோ அது வெளியே கொட்டி இடம் வீங்கும். கொஞ்ச நேரத்தில் வடியும். ஆக, நான் பற்றுப் போட்டுத் தேய்த்ததும் அதைச் சீண்டிவிட்டதுதான். நிறையக் கொட்டினால் வயிற்றில் புண் வரும், மலம் கருப்பாகப் போகும் என்றும் சொன்னார்கள். அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒவ்வாமை மருந்து கொடுத்தார்கள்.

துவரம்பருப்பு அளவுக் கட்டிக்குச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் ஓர் அடுக்குச் சதையையும் சேர்த்து எடுத்தார்கள். பதினான்கு தையல். பார்த்ததும் என் மருமகள் அழுதேவிட்டாள். எலுமிச்சம்பழத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். நடக்க இடைஞ்சல் செய்யாதவரை அது இருக்கட்டும் என்றார்கள். எடுத்த சதையை ஃபார்மலின் ஊற்றிய புட்டியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டி எவ்வளவு வீரியமானது, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்பதை அந்தப் பரிசோதனைதான் சொல்லும். சுப்புவுக்கு வீரியம் குறைந்த வகை, ஓரங்கள் சுத்தம் என்று வந்தது.

காத்திருந்தபோது பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டோ ஓட்டுநர் தன் தெரு நாயைக் கூட்டிவந்திருந்தார். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்து ரத்தம் சொட்டியது. இனச்சேர்க்கையில் நாய்க்கு நாய் ஒட்டிக்கொள்ளும் கட்டியாம் அது. பார்க்கத்தான் பயங்கரம், வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். அவருக்கு அது நான்காவது வாரம். கிட்டத்தட்டக் காய்ந்துவிட்டதாகப் போன வாரத்துப் படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். பயமுறுத்திய எலுமிச்சம்பழம் ஒன்றுமில்லை, துவரம்பருப்பு புற்றுநோய், இந்தக் காலிஃபிளவர் கரைகிறது. கண்ணால் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்?

போகிறவர்கள் அரை நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். வாய்ப்பூட்டு, தண்ணீர்க் கிண்ணம், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். கட்டியின் மேல் எதையும் பூசாதீர்கள். பட்டாணியைவிடப் பெரிதாக இருந்தாலோ, ஒரு மாதமாகியும் போகாவிட்டாலோ, எந்த மருத்துவரிடம் போனாலும் ஊசி வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன?

வேப்பேரிக்கு 95 மதிப்பெண். நூறு நான் எந்தக் காலத்திலும் யாருக்கும் போட்டதில்லை. எனக்கு 35, தேர்ச்சி மட்டும்.

மாதம் ஒரு முறை நாயின் உடம்பைத் தடவிப் பார்த்து, கட்டி இருக்கும் இடத்தைப் படத்தில் குறித்துவைக்கச் சொன்னார்கள். என் பேரன் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாய் வரைந்து கொடுத்தான். பார்க்க ஆடு மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. விலாவில் ஒரு வட்டம், தொடையில் ஒரு பெருக்கல் குறி. இந்த மாதம் வலது அக்குளில் புதிதாக ஒரு வட்டம் போட வேண்டியதாயிற்று, பட்டாணி அளவு. செவ்வாய்க்கிழமைக்கு ஆட்டோ சொல்லிவைத்திருக்கிறேன்.