ஞாயிறு பதினொரு மணி: பேரனோடு 'சாய் அண்ட் ஒய்?'

செம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜூஹு போய்ச் சேருவது லேசான காரியம் இல்லை. மும்பை லோக்கலின் ஹார்பர் லைனில் பாதி ஞாயிறுகள் மெகா பிளாக், அதாவது பராமரிப்பு வேலைக்காக வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சென்ட்ரல் ரயில்வேயில் ஓ.எச்.இ. பிரிவில், அதாவது தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பி வேலையில், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். அதே மெகா பிளாக்கில், மின்கம்பியை எட்டிச் சரிசெய்யும் டவர் வேகன் மேல் நின்று எத்தனையோ ஞாயிறுகள் போயிருக்கின்றன. இப்போது ஏழாவது படிக்கும் பேரனைக் கூட்டிக்கொண்டு வடாலாவில் வண்டி மாறி, விலே பார்லேயில் இறங்கி, ஆட்டோ பிடிக்கிறேன். அந்த அலைச்சலுக்குத் தகுதியான ஒரு அறிவியல் பேச்சு நிகழ்ச்சி இது.

கொலாபாவில் இருக்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 2009 முதல் இதை நடத்திவருகிறது. பெயர் 'சாய் அண்ட் ஒய்?'. தேநீரும் 'ஏன்' என்ற கேள்வியும். வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறு ஜூஹு பிருத்வி தியேட்டரில், மூன்றாம் ஞாயிறு மாட்டுங்கா ரூபரேல் கல்லூரியில், காலை 11 மணிக்கு. கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. முதலில் வந்தவருக்கு இடம். இடம் மாறலாம் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிருத்வி சின்ன அரங்கு, சுமார் இருநூறு பேர் உட்காரலாம். மேடையை மூன்று பக்கமும் சூழ்ந்து நாம் உட்காருவதால், பேசுகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். அதனால்தான் அங்கே செய்துகாட்டும் சோதனைகள் மனதில் நிற்கின்றன. நாங்கள் போன நிகழ்ச்சிகளில் என்னை உலுக்கியது மீகடத்தி பற்றியது. ஆங்கிலத்தில் சூப்பர்கண்டக்டர், நன்றாகக் குளிரவைத்தால் மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் பொருள்.

ஒரு தெர்மோகோல் கிண்ணத்தில் திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதில் ரோஜாப்பூவை முக்கி மேசையில் தட்டினால் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. பிள்ளைகள் கத்தினார்கள். அப்புறம் ஒரு கறுப்பு வில்லையை எடுத்தார்கள். இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான். அதை நைட்ரஜனில் குளிரவைத்து, காந்தங்கள் பதித்த வட்டப் பாதை மேல் வைத்ததும், தொடாமல் அந்தரத்தில் நின்றது. லேசாகத் தள்ளினால் சுற்றிச் சுற்றி ஓடியது. பாதையையே தலைகீழாகத் திருப்பினார்கள். வில்லை விழவில்லை, அடியில் தொங்கியபடி ஓடியது. காந்தப் புலம் அந்த வில்லைக்குள் அங்கங்கே சிக்கிக்கொள்கிறது, அந்தப் பிடி அதை நகரவிடாமல் வைத்திருக்கிறது என்று விளக்கினார்கள். பேரன் என் கையை இறுகப் பிடித்திருந்தான்.

எனக்கு அந்த வில்லையில் வேறொன்று தெரிந்தது. அதற்கு மின்தடையே இல்லை. மும்பை லோக்கலுக்கு 1500 வோல்ட் டி.சி. ஓடிய காலத்தில் வேலை பார்த்தவனுக்கு மின்தடை என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. வோல்ட் குறைவு, அதனால் கம்பியில் ஓடும் ஆம்பியர் மிக அதிகம். இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் சூடேறிக் கருத்துப்போகும். 2016-இல் ஹார்பர் லைனும் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறியபோது, அதே சக்திக்கு ஆம்பியர் பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது.

கையைத் தூக்கினேன். "எங்கள் கம்பியை எல்லாம் இதிலேயே செய்தால் என்ன?" என்று இந்தியில் கேட்டேன். இந்தியிலேயே பதில் வந்தது. இது பீங்கான், வளைத்தால் உடையும், கம்பியாக்குவதே பெரிய வித்தை. வழி நெடுக நைட்ரஜனில் மூழ்கியே இருக்கவும் வேண்டும். ஆனாலும் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-இல் ஒரு கிலோமீட்டர் கேபிள் புதைத்து நகரத்துக்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இருப்பதும் மீகடத்திச் சுருள்தான், அதைத் திரவ ஹீலியத்தில் குளிர வைக்கிறார்கள் என்று சொன்னபோது, முதுகுவலிக்காக நான் அதற்குள் படுத்திருந்த இருபது நிமிஷம் ஞாபகம் வந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு ஆராய்ச்சியாளர் என் கேள்வியை அலட்சியம் செய்யாமல் பதில் சொன்னார். அந்த மரியாதைக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

போன வருஷம் ஒரு தனியார் அறிவியல் பட்டறைக்கு நல்ல பணம் கட்டிப் பேரனை அனுப்பினோம். ஒரு டப்பாவைக் கொடுத்து, படத்தைப் பார்த்து மோட்டாரைப் பூட்டச் சொன்னார்கள். மோட்டார் ஓடியது. ஏன் ஓடுகிறது என்று அவன் கேட்டதற்கு, "நேரமாகிவிட்டது, அடுத்த வகுப்பில் பார்க்கலாம்" என்றார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான். இங்கே நிகழ்ச்சி முடிந்தபிறகும் பேசியவர் முற்றத்தில் நிற்கிறார், பிள்ளைகள் சுற்றிக்கொள்கிறார்கள். நான் காபேயில் சுலைமானி சாய் வாங்கிக் குடித்து முடித்தும் பேரன் வரவில்லை.

எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேரப் பேச்சு நீளம்தான். அவர்களை வொர்லி நேரு அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். தோட்டத்தில் பழைய நீராவி எஞ்சினே நிற்கிறது, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். பேச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எனக்குப் புரிகிற ஆங்கிலம்தான். ஆனால் தாராவியில் ஒரு ஞாயிறு இதே வில்லையைத் தமிழில் பேசிக் காட்டினால் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆராய்ச்சியாளர்களில் தமிழ் பேசுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நாற்காலி போட நான் வருகிறேன்.

முதல்முறை போகிறவர்கள் மூன்றாம் ஞாயிறு ரூபரேலில் தொடங்குங்கள். மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனிலிருந்து பக்கம். பத்தரைக்கு உள்ளே இருந்தால் முன்வரிசை கிடைக்கும். முடிந்ததும் தண்டவாளங்களைக் கடக்கும் இசட் நடைபாலத்தில் நடந்து கிழக்கே இறங்கினால் ராமா நாயக் உணவகத்தில் இலைச் சாப்பாடு. ஞாயிறு கூட்டம் என்பதால் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும், ஆனால் பேரனுக்குக் கேள்விகள் அப்போதுதான் வருகின்றன.