மூன்று ஜனவரி, ஒரே சேறு: ஸ்ட்ராத்பஃபரில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வர்னெஸ் பக்கத்தில் காண்டின் என்றொரு சின்ன ஊர். அதன் காட்டுக்குள் ஜனவரி மாதம் நடக்கிற 24 மணி நேர மலைச் சைக்கிள் பந்தயம்தான் ஸ்ட்ராத்பஃபர். சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பினால் ஞாயிறு காலை 10 மணிக்கு முடியும். அந்த மாதத்தில் அங்கே மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், மறுநாள் 9 மணியை ஒட்டித்தான் வெளிச்சம் வரும். ஆக, கிட்டத்தட்ட 17 மணி நேரம் விளக்கை நம்பித்தான் ஓட்ட வேண்டும். நாலு பேர் அணியில், ஒருவர் சுற்று முடித்து வந்ததும் அடுத்தவர் கிளம்புகிற முறையில், மூன்று முறை ஓட்டிவிட்டேன். இந்த மூன்று வருஷத்தில் எந்தப் பொருள் உழைத்தது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற உலோகத் தட்டை (டிஸ்க்) இரண்டு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்துகிற சின்னக் கட்டை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் வருஷம் பனி இல்லை, மழை. பனியை விட 3 டிகிரியில் பெய்கிற மழைதான் கொடுமை; பனியைத் தட்டிவிடலாம், மழை உள்ளே இறங்கிவிடும். பாதை நீளமான ஏற்றத்தில் தொடங்கும், பிறகு பாறையும் வேருமாக இறங்கும். மழைத் தண்ணீரோடு பொடி மணல் கரைந்து வந்து டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்துகொள்ளும், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலத்தான். நான் போட்டிருந்தது புத்தம் புது ரெசின் பேட், அதாவது பிசினால் இறுக்கிச் செய்த மெதுவான ரகம். மூன்றாவது சுற்றில் பின்பக்கம் கறகறவென்று சத்தம் கேட்டது, மணல்தான் என்று விட்டுவிட்டேன். திரவ அழுத்தத்தில் இயங்குகிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் தானாக முன்னே வந்து சரிக்கட்டிவிடும், அதனால் லீவரைப் பிடிக்கும்போது வித்தியாசம் சட்டென்று தெரியாது. கூடாரத்துக்கு வந்து சக்கரத்தைக் கழற்றி விளக்கைப் பிடித்துப் பார்த்தால், பேடில் தேய்மானப் பொருளே இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது, இரண்டு பேடுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய ஸ்பிரிங்கின் ஒரு கால் பாதிக்கு மேல் தேய்ந்து ஊசி மாதிரி நின்றது. இன்னும் ஒரு இறக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அடுத்த வருஷம் சின்டர்டு பேடுக்கு மாறினேன், அதாவது உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்தது. ஈரத்தில் ஊளையிடும், குளிர்ந்த டிஸ்க்கில் முதல் பிடி கொஞ்சம் மந்தம். ஆனால் ஒரே ஜோடி முழுப் பந்தயத்தையும் தாங்கி, அதற்குப் பிறகு வசந்த காலம் வரை ஓடியது. மாற்றுவதற்கு முன் உங்கள் டிஸ்க்கைப் பாருங்கள், ரெசின் பேட் மட்டும் என்று அச்சிட்டிருந்தால் சின்டர்டு போடக் கூடாது, டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொன்று, புது பேடை நடு ராத்திரியில் மாட்டிக்கொண்டு நேராக இறக்கத்துக்குப் போகாதீர்கள். முதலில் பல முறை பிரேக் பிடித்துப் பிடித்து பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும், பதமாக்குவது என்பது அதுதான்; பதமாக்காத பேட் பிடிக்கவும் பிடிக்காது, சேற்றில் சட்டென்று தேய்ந்தும் போகும்.

கையுறை விஷயத்தில் நிறையப் பணம் கரைந்தது. தண்ணீர் புகாது என்று விற்கிற தடித்த கையுறைகள் உள்ளே வியர்வையில் ஊறிவிடும், கழற்றும்போது உள்துணி விரலோடு வெளியே வந்துவிடும், அதைத் திரும்பத் திணிக்க மரத்துப்போன விரலால் முடியாது. ஹேண்டில்பாரிலேயே மாட்டுகிற பெரிய உறைதான் என்னைக் காப்பாற்றியது. அதற்குள் மெல்லிய கையுறை, சுற்றுக்கு ஒரு ஜோடி உலர்ந்தது. இரண்டு வருஷமாக இதே உறைதான், தையல் ஒரு இடத்தில் விட்டதைத் தவிர குறை இல்லை.

விளக்கின் பேட்டரி குளிரில் பெட்டியில் போட்ட நேரத்துக்கு நிற்காது. நீட்டிப்பு வயர் வாங்கி பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறேன், அன்றிலிருந்து பிரச்சினை இல்லை.

மூன்றாவது வருஷம் தரை முழுக்க உறைந்து கிடந்தது, ஆணி பதித்த டயர் இல்லாமல் நிற்கவே முடியாது. ஏற்றத்தில் கனமாக இழுக்கும், அதற்கென்ன, வாங்கிவிடுங்கள்.

அணியாக ஓட்டும்போது ஓட்டுகிற நேரத்தை விடக் காத்திருக்கிற நேரம்தான் ஆளை உடைக்கும். வந்து இறங்கிய பத்து நிமிஷத்துக்குள் உள்ளாடை முதல் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும், சூப் அதற்குப் பிறகு. ராத்திரியில் ஆளுக்கு இரண்டு சுற்று சேர்ந்தாற்போல் ஓட்டினால் மற்றவர்களுக்கு ஒழுங்கான தூக்கம் கிடைக்கிறது. ஒருமுறை விடியற்காலை 4 மணிக்கு எங்கள் அணி நண்பர் வந்து இறங்கினார், ஹெல்மெட் கொக்கியைக் கழற்ற அவரால் முடியவில்லை. ஒன்றும் பேசாமல் தாடையை நிமிர்த்திக் காட்டினார். நான் கழற்றிவிட்டு, அவர் கையை என் கோட்டுக்குள் வைத்து அழுத்திக்கொண்டேன், அடுத்த முறை என்னுடையது, நான் கிளம்பத் தாமதமானது, ஒரு சுற்று போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

இந்த முறை இரண்டு ஜோடி சின்டர்டு பேடை நவம்பரிலேயே வீட்டுக்குப் பக்கத்து இறக்கத்தில் பதமாக்கி, முன், பின் என்று டப்பாவில் எழுதி வைத்துவிட்டேன். நண்பருக்கும் ஒரு ஜோடி உறை வாங்கியாயிற்று.