அண்ணா நகர் ஆங்கில கோச்சிங்கில் எங்களுக்கு நடந்தது: பணம் கட்டுமுன் படியுங்கள்

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசப் பாடத்திட்டம்) படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பணம் போனதைவிட என் மகளின் ஐந்து மாதம் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகள் எட்டாவது வரை சிபிஎஸ்இ. ஒன்பதாவதில் பள்ளி மாற்றினோம். அங்கே ஆங்கிலத்தில் இரண்டு பாடம் உண்டு. முதல் மொழியாக எடுத்தால் பாடக் குறியீடு 0500, இரண்டாம் மொழியாக எடுத்தால் 0510. முதலாவதுதான் கடினம். அவளே ஆசைப்பட்டு அதை எடுத்தாள். நிறைய வாசிப்பாள், நன்றாகப் பேசுவாள், எழுத உட்கார்ந்தால்தான் திணறல். ஆண்டுத் தேர்வில் கட்டுரைக்கு 40க்கு 17 வந்ததும் டியூஷன் தேட ஆரம்பித்தோம்.

அண்ணா நகரில் ஒரு சென்டரில் டெமோ கிளாஸுக்குப் போனோம். ஒரு டீச்சர் பலகையில் ஒரு பத்தியை எழுதி, எந்தச் சொல்லை எடுத்தால் இது இன்னும் நன்றாக இருக்கும் என்று பிள்ளைகளையே கேட்டார். வண்டியில் ஏறும்போதே மகள், "அம்மா, இங்கேயே சேர்த்துவிடுங்க" என்றாள். அன்றே கட்டினோம். 48,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 56,640. ஒரு பேட்சில் பத்துப் பேர்தான், வாரம் ஒரு கட்டுரை, ஒவ்வொன்றையும் திருத்தி விளக்குவோம் என்றார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு. எழுதி வாங்காதது என் தவறு.

அந்த டீச்சர் அப்புறம் வரவே இல்லை. அப்போதுதான் கல்லூரி முடித்த ஓர் இளைஞர் பாடம் எடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 26 பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்தால் அவர்தான் என்ன செய்வார்? கொடுத்ததெல்லாம் ஜெராக்ஸ் தாள்: கோடிட்ட இடம் நிரப்புவது, செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்குவது. நடுவில் வந்த சில பழைய வினாத்தாள்களின் அடியில் 0510 என்று இருந்தது. அதாவது, இவள் எழுதப்போகாத தேர்வு.

0500 எழுத்துத் தாளில் இலக்கணத்துக்கென்று தனிக் கேள்வியே கிடையாது. 2 மணி நேரம், 80 மதிப்பெண். பாதி, கொடுத்ததைப் படித்து அதை வைத்து ஒரு கடிதமோ உரையோ கட்டுரையோ எழுதுவது. மீதிப் பாதி வருணனை அல்லது கதை, 350 முதல் 450 சொல்லுக்குள். அந்த 40இல் 16 உள்ளடக்கத்துக்கும் அமைப்புக்கும், 24 நடைக்கும் பிழையில்லாமல் எழுதுவதற்கும். பிள்ளை எழுதியதை ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்லாமல் இதில் முன்னேறவே முடியாது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்தேன். மழை நேரத்துப் பேருந்து நிலையம் பற்றிய கட்டுரை, மூன்று தாள், ஸ்டேப்லர் போட்டது. புரட்டினால் நடுத்தாள் கெமிஸ்ட்ரி வீட்டுப்பாடம், மோல் கணக்கு. அவசரத்தில் தாள் மாறியிருக்கிறது. அந்தக் கணக்கின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக். கடைசிப் பக்கத்தில் 28 மதிப்பெண், கீழே "குட், இம்ப்ரூவ் வொகாபுலரி". மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் மொத்தமே ஒன்பது கட்டுரை, ஒன்பதிலும் இதே வார்த்தைகள். அவள் தோழியின் ஃபைலிலும் அதேதான். மகள் ஒன்றும் பேசவில்லை. அந்த 28ஐ நம்பித்தான் இருந்திருக்கிறாள்.

நேரில் போய்க் கேட்டேன். "நிறைய பேப்பர் வருது மேடம், மிஸ் ஆகியிருக்கும்" என்றார் மேனேஜர். பணம் திரும்பாது என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார். அதே ரசீதில் ஜிஎஸ்டி எண் எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் கட்டிய 8,640 வரி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். அதன்பிறகுதான் அவர்களே கூப்பிட்டு 15,000 தந்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

சேர்க்கும் முன் வேறொரு பிள்ளையின் திருத்திய கட்டுரையை, பெயரை மறைத்தாவது, காட்டச் சொல்லுங்கள். டெமோ எடுத்தவரே வகுப்புக்கும் வருவாரா என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இன்று இரவே ஃபைலைத் திறந்து நடுப்பக்கங்களைப் பாருங்கள். பழைய வினாத்தாள், மதிப்பெண் முறை, தேர்வாளர் அறிக்கை எல்லாம் கேம்பிரிட்ஜ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போது எங்கள் அபார்ட்மென்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைதோறும் பார்க்கிறார். மதிப்பெண் போடுவதில்லை. கட்டுரையை அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்கிறார், அவள் தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அதே பேருந்து நிலையக் கட்டுரையை நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறாள். மார்ச் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.