களிமண்ணா, கம்பியா, பந்துமூட்டா, காகிதமா: ஸ்டாப் மோஷனுக்கு எந்தப் பொம்மை?

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, வரிசையாக ஓட்டுவதுதான் ஸ்டாப் மோஷன். முதல் ஸ்டாப் மோஷன் படத்துக்குப் பொம்மையை எதில் செய்வது என்று கேட்டால், "களிமண்ணில் ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். செய்வதற்குச் சுலபம்தான். அசைப்பதற்கு அப்படியில்லை. பொம்மையைச் செய்வது சில நாள் வேலை, அசைப்பது பல வார வேலை. அதனால் ஒப்பீட்டை அசைவிலிருந்தே தொடங்குவோம்.

பொம்மையின் கை 10 செ.மீ. உயர வேண்டும். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நகர்த்திப் பத்துப் படம் எடுத்தால் கிரேன் தூக்குவதுபோல் இருக்கும். மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகம் பிடித்து, மெதுவாக அடங்கினால்தான் கை உயிரோடு தெரியும். மில்லிமீட்டரில் சொன்னால்: 2, 5, 9, 14, 20, 20, 14, 9, 5, 2. மொத்தம் 100. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால், இந்த அசைவு ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். நடுவிலுள்ள 20 மி.மீ. அசைவை எந்தப் பொம்மையும் செய்யும். முதலிலும் கடைசியிலும் வரும் அந்த 2 மி.மீ.தான் பொம்மையின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

களிமண்

இங்கே களிமண் என்றால் பிளாஸ்டிசின் வகை எண்ணெய்க் களிமண். தண்ணீர் சேர்த்துப் பிசையும் மண் படப்பிடிப்பு நடக்கும்போதே காய்ந்து விரிசல் விடும், அது வேண்டாம்.

2 மி.மீ. சோதனையில் களிமண் பாதிதான் தேறும். வைத்த இடத்தில் நிற்கும், திரும்பி வராது. ஆனால் தள்ளுவதற்கு அழுத்த வேண்டும், அழுத்தினால் குழி விழும், குழியைத் தடவினால் கையின் வடிவமே மாறும். ஒவ்வொரு படத்திலும் விரல் பதிந்த இடம் வேறு என்பதால், ஓட்டிப் பார்க்கும்போது மேல்பரப்பு கொதிப்பதுபோல் தெரியும். சிலருக்கு அந்தக் கொதிப்பு பிடிக்கும். பிடித்தால் படம் முழுக்க ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு ஷாட்டில் வழவழப்பும் அடுத்ததில் கைரேகையுமாக இருந்தால் கவனக்குறைவாகத்தான் தெரியும்.

அடுத்த பகை எடை. மெல்லிய கால், பெரிய தலை என்று செய்தால் பத்து நிமிடத்துக்குள் கணுக்கால் அமுங்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அமுங்குவதால் ஓட்டிப் பார்க்கும்போதுதான் பொம்மை குள்ளமாகிக்கொண்டே போவது புரியும். உயரம் 10–12 செ.மீ.க்குள், கால்கள் கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல், பாதம் அகலமாக இருந்தால் தாங்கும். சூடேறும் பழைய பல்புகள் களிமண்ணை இளக்கிவிடும், எல்இடி விளக்கே சரி. வெள்ளை, மஞ்சள் நிறங்களை முதலில் கையாளுங்கள், நிறம் மாறும்போதெல்லாம் ஈரத் துணியால் விரலைத் துடையுங்கள். சிவப்பைத் தொட்ட கையால் வெள்ளையைத் தொட்டால் அந்தக் கறை போகவே போகாது, மேல் அடுக்கைச் சீவி எறிவதுதான் வழி.

உருகுவது, நசுங்குவது, ஓர் உருவம் இன்னோர் உருவமாக மாறுவது என்றால் களிமண்ணுக்குப் போட்டியே கிடையாது. முகத்துக்கும் அப்படித்தான். பேச்சுக்கு எட்டுப் பத்து வாய் வடிவங்களைத் தனித்தனியே செய்து வைத்து மாற்றி மாற்றி ஒட்டினால், ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைப் பிசையும் வேலை மிச்சம்.

கம்பி

நடக்க வேண்டிய பொம்மைக்குக் கம்பி எலும்புக்கூடுதான் எங்கள் தேர்வு. களிமண்ணைப் போல அமுங்காது, எஃகுக் குண்டுகளால் ஆன பந்துமூட்டைப் போல லேத்தில் (உலோகம் கடையும் இயந்திரத்தில்) வேலை கேட்காது.

20–25 செ.மீ. உயரப் பொம்மைக்கு இளக்கிய அலுமினியக் கம்பி வாங்குங்கள். கைக்கு 1.5 மி.மீ. கம்பி இரண்டு இழை, காலுக்கு 2 மி.மீ. இரண்டு இழை. இரும்புக் கம்பி வளைத்ததும் திமிறித் திரும்பும். செம்பு முதலில் மென்மையாக இருந்தாலும் வளைக்க வளைக்கச் சீக்கிரம் விறைத்து ஒடியும். ஒரு முனையை வைஸில் (மேசைப் பிடிப்பானில்) பிடித்து, மறுமுனையை டிரில்லில் மாட்டி மெதுவாக முறுக்குங்கள். சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சுற்று போதும். இறுக்கி முறுக்கிய கம்பி அழகாக இருக்கும், ஆனால் அதன் ஆயுளில் பாதி முறுக்கும்போதே போய்விடும்.

எலும்பு இருக்கும் இடங்களில், அதாவது தொடை, கெண்டைக்கால், மேல்கை, முன்கை ஆகியவற்றில், எபாக்சி புட்டியை (இரண்டு பகுதிகளைப் பிசைந்தால் கல்லாக இறுகும் பசையை) சுற்றி இறுகவிடுங்கள். மூட்டு இருக்கும் இடத்தில் சுமார் 1 செ.மீ. கம்பி வெறுமையாக இருக்கட்டும். இடைவெளி 3 மி.மீ. என்றால் வளைவு முழுதும் ஒரே புள்ளியில் விழுந்து அங்கேயே ஒடியும். 3 செ.மீ. என்றால் முழங்கை இருக்காது, ரப்பர் குழாய்தான் இருக்கும்.

கம்பியின் குறை, திரும்பி வருவது. 2 மி.மீ. நகர்த்த 4 மி.மீ. தள்ள வேண்டியிருக்கும், விட்டதும் பாதி திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பது மூட்டுக்கு மூட்டு வேறு. முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதி இதற்குத்தான் பெரிய உதவி. இந்தக் குறையைப் பலர் தாங்களே இரட்டிப்பாக்கிக்கொள்வது உடம்பு சுற்றும்போது. முழங்கை மடிப்பில் தடித்த ஸ்பாஞ்சை வைத்தால், மடக்கும்போது அமுங்கிய ஸ்பாஞ்ச் கையை மறுபடி நிமிர்த்தும். மூட்டு மேல் ஸ்பாஞ்சை V வடிவில் வெட்டி எடுத்துவிடுங்கள். கனமான துணியும் இதே வேலையைச் செய்யும், மெல்லிய இழுபடும் துணியே உடைக்கு நல்லது.

ஒடிவதைத் தவிர்க்கவே முடியாது. தினமும் நடக்கிற பொம்மைக்குக் கணுக்கால்தான் முதலில் போகும், பெரும்பாலும் புட்டி முடியும் விளிம்பில். அதனால் கை கால்களைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். உடம்பில் ஒரு சதுரப் பித்தளைக் குழாயைப் பதித்து, அதற்குள் சரியாக நுழையும் சிறிய சதுரக் குழாயைக் கையின் முனையில் ஒட்டி, பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்க்ரூவால் இறுக்கினால் போதும். சதுரம் என்பதால் சுழலாது. உதிரிக் கை, கால் ஒரு ஜோடி முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

பாதத்துக்குள் ஒரு எம்3 (3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான) நட்டைப் பதித்து, மேடையில் துளை போட்டு, அடியிலிருந்து ஸ்க்ரூவால் பிடித்தால் பொம்மை ஒற்றைக் காலிலும் நிற்கும். பயன்படுத்தாத துளைகளைத் தரையின் நிறத்துக் களிமண்ணால் அடைத்துவிடலாம். மெல்லிய இரும்புத் தகட்டை மேடையாக்கி அடியில் நியோடிமியம் காந்தம் வைப்பது வேகமான வழி. ஆனால் பொம்மை முன்னால் சாய்ந்து ஒரு காலில் எடை வாங்கும் நொடியில் காந்தம் கைவிடும்.

இரண்டையும் கலக்கலாமே என்று கம்பி மேல் களிமண் பூசுவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. வழவழப்பான கம்பி களிமண்ணுக்குள் வழுக்கும், முழங்கையில் விரிசல் விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். கம்பி மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டுப் பூசினால் பிடிப்பு கிடைக்கும். அதைவிட, தலையும் உள்ளங்கையும் மட்டும் களிமண், மற்றதெல்லாம் கம்பியும் துணியும் என்று பிரிப்பது புத்திசாலித்தனம்.

பந்துமூட்டு

இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே எஃகுக் குண்டுகள், தகடுகளை இறுக்க ஒரு ஸ்க்ரூ. திரும்பி வருவதும் இல்லை, சோர்ந்து ஒடிவதும் இல்லை. 2 மி.மீ. சோதனையில் இதுதான் முதலிடம், இறுக்கம் சரியாக இருந்தால். அதிகமாக இறுக்கினால் தள்ளத் தள்ள அசையாமல் இருந்து, திடீரென்று 5 மி.மீ. தாவும். தளர்ந்தால் கை தானே இறங்கும். கணுக்கால் மிக இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு, மணிக்கட்டு மிக லேசு என்று ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குறும்படத்துக்காக இதை வாங்குவது பண விரயம்.

எலும்புக்கூடு எவ்வளவு தரமானதாக இருந்தாலும் மேல்தோல் கொதிக்கும் என்பதற்கு 1933-இல் வந்த 'கிங் காங்' சாட்சி: உள்ளே உலோக மூட்டுகள், வெளியே விரல் பட்ட இடமெல்லாம் சிலிர்க்கும் ரோமம்.

காகிதம்

ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரைனிகர் 1926-இல் முழுநீளப் படமே காகித வெட்டுருவங்களால் எடுத்துவிட்டார். கேமரா மேலிருந்து பார்க்கிறது, பொம்மை படுத்திருக்கிறது, விழ இடமில்லை. 200 ஜிஎஸ்எம் அட்டை, மூட்டுக்கு முடிச்சிட்ட நூல் போதும். கையை நகர்த்தினால் தோளும் சேர்ந்து வரும். தோளை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு பல்குச்சியால் தள்ளுங்கள், 2 மி.மீ. கச்சிதமாக வரும். ஓரம் சுருண்டால் மேலே கண்ணாடி வைத்து, விளக்கை இரு பக்கமிருந்தும் 45 பாகையில் சாய்த்து, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினால் பிரதிபலிப்பு விழாது. ஆள் திரும்பிப் பார்க்க மட்டும் முடியாது. முன்பக்கம், பக்கவாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் வெட்டியாக வேண்டும்.

ஒன்றா, இரண்டா?

ஒரு நிமிடப் படத்துக்கு, ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 720 நிலைகள், ஒரே ஃபிரேம் என்றால் 1440. வேலை இரட்டிப்பு என்பதை விட முக்கியமானது, ஒவ்வொரு நகர்வும் பாதியாகிறது என்பது. 2 மி.மீ.க்கே திணறும் கம்பி 1 மி.மீ.க்கு நடுங்கத்தான் செய்யும். கம்பிப் பொம்மையை இரண்டிரண்டாகவே எடுங்கள். கேமரா நகரும் ஷாட்டுக்கும் மிக வேகமான அசைவுக்கும் மட்டும் ஒன்றொன்றாகப் போகலாம்.

ஃபோனா, கேமராவா?

ஃபோனே போதும், எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டும் ஆப் இருந்தால். டிஎஸ்எல்ஆரில் படம் கூர்மை, ஆனால் எலக்ட்ரானிக் லென்ஸின் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஒரே அளவுக்கு மூடாது, ஓட்டும்போது வெளிச்சம் துடிக்கும். அபெர்ச்சரைக் கையால் திருப்பும் பழைய லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. எதில் எடுத்தாலும் பொம்மையைத் தொடும் முன், ஜன்னலை மூடி, யாரும் நகராமல், வெறும் செட்டை 24 படம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். துடிப்பு தெரிந்தால் ஷட்டரை கால் விநாடிக்கு மெதுவாக்கி மறுபடி எடுங்கள். அப்போது நின்றுவிட்டால் குற்றவாளி விளக்கு. நிற்காவிட்டால் லென்ஸைப் பாருங்கள்.