சில்வர்மேனா, டார்ட்டிகாஃபா?

அமெரிக்க டிவியில் எந்த நிகழ்ச்சி ஓடணும், எது நிற்கணும் என்று முடிவு செய்தவர்களில் யார் சிறந்தவர் என்று கேட்டால், இந்த இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சிபிஎஸ், ஏபிசி, என்பிசி மூன்றும் அமெரிக்காவின் பெரிய டிவி நிறுவனங்கள். ஃபிரெட் சில்வர்மேன் சிபிஎஸ்ஸில் பெயர் எடுத்து, 1975-ல் ஏபிசிக்குப் போய் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, 1978-ல் என்பிசிக்கே தலைவரானார். அங்கே சறுக்கினார், 1981-ல் வெளியேறினார். வேகமாக முடிவெடுப்பவர், தயங்காமல் நிறுத்துபவர். சிபிஎஸ்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிராமத்துத் தொடர்களையே 1971-ல் தூக்கினார்கள், அதில் அவருக்குப் பெரிய பங்கு.

பிராண்டன் டார்ட்டிகாஃப் அவரிடம் வேலை பார்த்தவர். முப்பதைத் தாண்டியதுமே என்பிசியின் பொழுதுபோக்குப் பிரிவு அவர் கைக்கு வந்துவிட்டது. 1982-ல் தொடங்கிய 'சியர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் முதல் சீசனில் ரேட்டிங் பட்டியலின் அடியில் கிடந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அது 1993 வரை ஓடியது! கடைசி இடத்தில் இருக்கும் சேனலில், தினமும் எண்ணிக்கை கேட்கும் மேலிடத்தை வைத்துக்கொண்டு இப்படிக் காத்திருக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

என் ஓட்டு டார்ட்டிகாஃபுக்கு. ஆனால் ஒன்று, என்பிசியின் புகழ்பெற்ற போலீஸ் தொடரான 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' 1981 ஜனவரியில் வந்தபோது தலைவர் சில்வர்மேன்தான். டார்ட்டிகாஃபை என்பிசியில் மேலே கொண்டுவந்தவரும் அவர்தான்.