பிஸ்டன் டப்பாவில் போட்டிருக்கும் கம்ப்ரெஷன் எண்ணை நம்பி எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்

போன வாரம் கோவையில், என் வண்டிக்குப் பெரிய பிஸ்டன் போட்ட கடை வழியாகப் போனேன். வாசலில் ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 நின்றது. சிலிண்டரையும் அதன் மூடியான ஹெட்டையும் கழற்றி, கிராங்க் கேஸ் வாயில் பழைய பனியன் துணியை அடைத்திருந்தார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் என் வண்டி நின்ற அதே இடம். பெஞ்ச் மேல் அதே மாதிரி பிஸ்டன் டப்பா. வண்டிக்காரர் யாரென்று தெரிந்திருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன். தெரியாததால் இங்கே எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. எனக்கு நடந்தது எந்தக் கடையிலும் நடக்கலாம்.

என் வண்டியும் கிளாசிக் 500, 2013 மாடல். 84 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் அகலம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 499 சிசி, கம்ப்ரெஷன் 8.5:1, அதாவது உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் எட்டரையில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படும். இதில் 87 மி.மீ. பிஸ்டன் ஏற்றினால் 535 சிசி ஆகும். கான்டினென்டல் ஜிடி 535-இல் கம்பெனியே வைத்த அளவு அதுதான், அதனால் பயமில்லாமல் இறங்கினேன். மலை ஏறும்போது இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"ஃபோர்ஜ்டு பிஸ்டன், 9.5 கம்ப்ரெஷன், சாதா பெட்ரோலே போதும்" என்றார் கடைக்காரர். ஃபோர்ஜ்டு என்றால் வார்க்காமல் அச்சில் அடித்துச் செய்தது. பிஸ்டனுக்கு 14,000, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். 9.5 என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். டப்பாவைத் திருப்பிக் காட்டி, "இதுலயே போட்டிருக்குதுங்களே" என்றார். நான் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஊருக்குள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி மூன்றாவது கியரில் ஏற்றும்போது சத்தம் ஆரம்பித்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கும். ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் நிற்கும், முறுக்கினால் திரும்ப வரும். நாக்கிங்தான், அதாவது நெருக்கப்பட்ட பெட்ரோல் நேரம் தப்பித் தானாகவே வெடிப்பது. கடையில் போய்ச் சொன்னால், முதலில் ரன்னிங் இன் முடியட்டும் என்றார்கள். அப்புறம் இன்ஜெக்டர் கிளீன் செய்தார்கள், அதற்குத் தனி பில். மூன்றாவது தடவை கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, கிக்கரை உதைத்து, "பாருங்க, பிரஷர் அதிகமே இல்லை" என்று முள்ளைக் காட்டினார்கள்.

இதை நன்றாகக் கவனியுங்கள். கேஜ் காட்டுவது கம்ப்ரெஷன் ரேஷியோ இல்லை. வால்வு எப்போது மூடுகிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும். அதற்கு மேல், இந்த வண்டியின் எஞ்சினில் ஸ்டார்ட் பண்ணும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் ஆட்டோ டிகம்ப்ரெஸர் இருக்கிறது. அதனால் உதைத்துப் பார்த்தால் முள் எப்போதும் குறைவாகத்தான் நிற்கும். தினமும் இந்த எஞ்சினைப் பிரிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

1,900 கிலோமீட்டரில் புகை வந்தது. இந்த முறை கடைக்குப் போகாமல், கோவையில் கணபதி ஏரியா பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பிஸ்டனைக் கழற்றினால், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள மேடு நக அளவுக்குப் பெயர்ந்திருந்தது. அவர் பிஸ்டனைக் கவிழ்த்து, டார்ச் அடித்து உள்பக்கத்தைக் காட்டினார். கனெக்டிங் ராடைப் பிணைக்கும் பின் போகிற துளைக்கு மேலே குடைந்த மாதிரி ஒரு பள்ளம், அதன் ஓரமாக அச்சு இரண்டும் சேர்ந்த கோடு. "ஃபோர்ஜிங்னா ஒரே குத்து தம்பி. உள்ள போன பஞ்ச் நேரா வெளிய வரணும். இப்படிக் குடைவு விழாது. இது வார்ப்புங்க" என்றார். ஃபோர்ஜ்டு விலை வாங்கிக்கொண்டு வார்ப்பு பிஸ்டனைப் போட்டிருக்கிறார்கள். வார்ப்பு பிஸ்டன் மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை, ரோட்டில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அதுதான் இருக்கிறது. ஆனால் நாக்கிங் அடியை அது தாங்காது. ரிங் மேடுதான் முதலில் போகும்.

நாக்கிங் ஏன் வந்தது என்று தெரிய, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடத்தை அன்று சாயங்காலம் அளந்தே பார்த்தோம். மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச், துளை போட்ட அக்ரிலிக் தகடு, கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, தகட்டை கிரீஸ் வைத்து ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பினோம். 62 சிசி பிடித்தது. அடுத்து பிஸ்டன் தலைமேட்டின் அளவு. பிஸ்டனைச் சிலிண்டர் வாயிலிருந்து சரியாக 12 மி.மீ. இறக்கி, ஓரத்தை கிரீஸால் அடைத்து நிரப்பினோம். 87 மி.மீ. வட்டத்தில் 12 மி.மீ. ஆழத்துக்கு 71.3 சிசி பிடிக்க வேண்டும். பிடித்தது 53.3. ஆக மேடு 18 சிசி இடத்தை அடைக்கிறது. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வரும் கேஸ்கெட் 1 மி.மீ. கனம், 88 மி.மீ. துளை, அதில் 6.1 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் வாயை விட 0.5 மி.மீ. கீழே நிற்கிறது, அதில் 3 சிசி.

62, 6.1, 3 மூன்றையும் கூட்டி 18-ஐக் கழித்தால் 53.1. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடம் 535. இரண்டையும் கூட்டி 53.1-ஆல் வகுத்தால் 11.07. எனக்கு 9.5 என்று சொல்லிக் கொடுத்த எஞ்சின், காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், சாதா பெட்ரோலில் 11:1-க்கு ஓடியிருக்கிறது. நாக்கிங் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டப்பாவில் இருந்தது பொய்யா என்றால், அதுவும் இல்லை. உள்ளே இருந்த சீட்டில் பொடி எழுத்தில் இருந்தது: ஹெட் 69 சிசி, கேஸ்கெட் 1.5 மி.மீ. அந்த அளவுக்குப் போட்டால் 9.5 சரியாகவே வருகிறது. கடையில் ஹெட்டில் ஏதோ கீறல் என்று 1.2 மி.மீ. ஃபேசிங் செய்து, அதாவது அடிப்பக்கத்தைச் சீவி மட்டப்படுத்தி, 7 சிசியைத் தின்றுவிட்டார்கள். என்னிடம் சொல்லவில்லை, பில்லிலும் இல்லை. பிறகு கையில் கிடைத்த மெல்லிய கேஸ்கெட்டைப் போட்டு இன்னொரு 3 சிசி. "டப்பால இருக்கிற நெம்பர் அவன் வச்சுப் பார்த்த ஹெட்டுக்கு. உங்க ஹெட்டுக்கு இல்லைங்க" என்றார் பெரியவர்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் யாரும் பார்த்திருக்கவில்லை. பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் களிமண்ணை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். எனக்கு இன்டேக் பக்கம் 1.1தான் இருந்தது. வால்வு இடிக்காத மட்டில் தப்பித்தேன்.

கடையில் பணத்தைத் திரும்பக் கேட்டேன். "ஆர்.சி.ல 499 சிசின்னு இருக்குதுங்களே, 535 போட்டது தெரிஞ்சா உங்களுக்குத்தானே பிரச்சினை" என்றார் கடைக்காரர் சாவகாசமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது, அது உண்மை. வாடிக்கையாளர் புகாருக்குப் போகத் தயங்குவார் என்று தெரிந்தே இந்தத் தொழில் நடக்கிறது. போர் போடக் கொடுப்பதற்கு முன்னால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் வார்ப்பை ஃபோர்ஜ்டு என்று விற்பது வேறு விஷயம். அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஐந்து லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. என்னால் போக முடியாததற்குக் காரணம், என் பில்லில் "எஞ்சின் வேலை, மொத்தம்" என்று ஒரே வரிதான் இருந்தது. பிஸ்டன் என்ன வகை, என்ன பார்ட் நம்பர், ஹெட்டை எத்தனை மி.மீ. எடுத்தார்கள் என்பதெல்லாம் பில்லில் வந்தால்தான் காசைக் கொடுங்கள். கழற்றிய பழைய பிஸ்டனையும் கேஸ்கெட்டையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

இப்போது தலைகீழாகப் போகிறேன், முதலில் கணக்கு, பிறகு பிஸ்டன். சிலிண்டரில் கோடு விழுந்ததால் சிலிண்டரைக் குடைந்து 87.5-க்கு ரீபோர், அதாவது 541 சிசி. எனக்குக் கம்ப்ரெஷன் 9.3 போதும், அதற்கு உச்சியில் 65.2 சிசி இடம் வேண்டும். ஹெட் 62, 1.5 மி.மீ. கேஸ்கெட்டில் 9.2, பிஸ்டனுக்கு மேலே 3, ஆக 74.2. மேடு 9 சிசி இருக்க வேண்டும். அந்த அளவைச் சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். பார்சல் வந்த அன்று ரிங் மாட்டுவதற்கு முன்னால் பெரியவர் மறுபடி சிரிஞ்சை எடுத்தார். கணக்குப் போட்டதில் கம்ப்ரெஷன் 9.3 வந்தது. "இது போதும் தம்பி, மாட்டுங்க" என்றார்.